டிட் டா ஜாவ்: குங்ஃபூ பயிற்சித் தைலம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சீனக் குங்ஃபூ பயிலும் இடங்களில் எல்லாம் ஓர் அலமாரியின் மேல்தட்டில் கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குப்பி இருக்கும். பயிற்சி முடிந்ததும் மாணவர்கள் அதிலிருந்து சிறிது ஊற்றிக் கையில் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதில் என்ன இருக்கிறது, எதற்காகத் தேய்க்கிறோம், எப்போது தேய்க்கக் கூடாது என்று கேட்டால் பெரும்பாலும் தெளிவான பதில் வருவதில்லை. அப்படிக் கேட்பவர்களுக்காகவே இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது.

டிட் டா ஜாவ் என்பது என்ன?

மூலிகைகள், மரப்பிசின்கள், சில கனிமங்கள் ஆகியவற்றை இடித்து, வீரியமான அரிசிச் சாராயத்தில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஊறவைத்து வடித்தெடுக்கும் திரவமே டிட் டா ஜாவ். விழுந்தும் அடிபட்டும் ஏற்படும் வீக்கம், கன்றல், சுளுக்கு ஆகியவற்றுக்கும், கை கால்களைக் கடினப்படுத்தும் பயிற்சிகளுக்கு முன்னும் பின்னும் இதைத் தேய்ப்பார்கள். தைலம் என்று நாம் சொன்னாலும் இதில் எண்ணெய் கிடையாது. சாராயம் ஆவியாகிவிடும், மூலிகையின் சாறும் பிசினும் தோலில் தங்கும். இது வெளிப்பூச்சுக்கு மட்டுமே உரியது, குடிப்பதற்கன்று.

சண்டைக் கலை கற்பிப்பவர்களுக்கும் வைத்தியத்துக்கும் என்ன தொடர்பு?

தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் குங்ஃபூ ஆசானும் எலும்பு முறிவு வைத்தியரும் பல நேரங்களில் ஒரே ஆளாகவே இருந்தார்கள். மாணவர்கள் தரும் கட்டணம் மட்டும் ஒரு குடும்பத்துக்குப் போதாது என்பதும், அடிபடாமல் அந்தக் கலையைக் கற்க முடியாது என்பதும் இதற்கு வெளிப்படையான காரணங்கள். 1847இல் பிறந்தவராகச் சொல்லப்படும் குங்ஃபூ ஆசான் வோங் ஃபெய் ஹுங், அம்மாகாணத்தின் குவாங்சோ நகரில் ‘போ சி லாம்’ என்ற மருந்தகத்தை நடத்தினார். 1924இல் அந்நகரில் வணிகர் படைக்கும் அரசுக்கும் நடந்த மோதலில் அது எரிந்துபோனது. அவருடைய மாணவரும், தொடக்கத்தில் பன்றி இறைச்சிக் கடைக்காரராக இருந்தவருமான லாம் சாய் விங், பின்னர் ஹாங்காங்கில் கற்பித்தார். அவர் வழிவந்தோரும் கலையையும் எலும்பு வைத்தியத்தையும் சேர்த்தே கையாண்டார்கள்.

ஆனால் இன்றைய நிலை வேறு. ஹாங்காங் 1999இல் சீன மருத்துவச் சட்டத்தை இயற்றியபோது, எலும்பு வைத்தியத்தைப் பொது மருத்துவம், அக்குபங்சர் ஆகியவற்றோடு மூன்றாவது பிரிவாக ஏற்று, அதைச் செய்பவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று விதித்தது. குங்ஃபூ தெரியும் என்பதாலேயே ஒருவர் வைத்தியராகிவிட முடியாது என்பதை அந்தக் கலை வளர்ந்த ஊரே சட்டமாக்கிவிட்டது. அதே குப்பியை வெளிநாடுகளில் கையாளும் நாம் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அப்படியானால், பயிற்சியாளர் ஒருவர் எவ்வளவு தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

மூலிகை வைத்தியர் அளவுக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. நாடி பார்க்கவோ மருந்துச் சூத்திரம் எழுதவோ கற்றுக்கொள்ள வேண்டியதும் இல்லை. ஆனால் தான் தேய்க்கும் குப்பியில் உள்ள பொருட்களின் பெயர்கள், அவற்றில் நச்சுத்தன்மை உள்ளவை எவை, காயத்தின் எந்தக் கட்டத்துக்கு அந்தக் கலவை ஏற்றது, எந்த அறிகுறி தென்பட்டால் குப்பியை மூடி வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற நான்கும் தெரிந்தே ஆக வேண்டும். இவற்றைச் சொல்லத் தெரியாத எவரும் அதை இன்னொருவர் தோலில் தேய்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தன் தோலில் தேய்த்துக்கொள்பவருக்கு ஏற்படும் ஆபத்து அவரோடு போகும். மாணவனுக்குத் தேய்த்துவிடும் ஆசான் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உடலுக்குப் பொறுப்பேற்கிறார்.

பொதுவாக என்னென்ன பொருட்கள் சேர்க்கப்படுகின்றன?

ஒவ்வொரு குங்ஃபூ பள்ளிக்கும் ஒரு சூத்திரம் உண்டு. ஆனாலும் திரும்பத் திரும்ப வரும் பொருட்கள் சில இருக்கின்றன, அவற்றில் பல நம் நாட்டு மருந்துக் கடைக்குப் புதியவை அல்ல. குசும்பப்பூ, குந்திரிக்கம், வெள்ளைப்போளம், ரேவல்சின்னிக் கிழங்கு, சப்பாங்கட்டை, லவங்கப்பட்டை, கற்பூரம் ஆகியவை நமக்குத் தெரிந்தவை. சீனாவுக்கே உரியவை என்று டாங் குவெய் வேர், சுவான் சியோங் கிழங்கு, யுன்னான் மாகாணத்தின் சான் சீ வேர், பீச் பழக்கொட்டையின் பருப்பு ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றோடு, சுமத்ராவிலும் போர்னியோவிலும் வளரும் ஒருவகைப் பிரம்பின் காயிலிருந்து எடுக்கப்படும் சிவப்புப் பிசினும் சேரும். ‘டிராகன் ரத்தம்’ என்று விற்கப்படுவது அதுதான். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கல்லைச் சுட்டுப் பொடித்துச் சேர்ப்பவர்களும், இறக்கையில்லாத ஒருவகைக் கரப்பான் பூச்சியை உலர்த்திச் சேர்ப்பவர்களும் உண்டு.

சீன மருத்துவத்தின் கணக்குப்படி, அடிபட்ட இடத்தில் ரத்தம் தேங்குகிறது. தேங்கிய ரத்தத்தைக் கலைத்து ஓட்டத்தைச் சீராக்குவதே வைத்தியம். குசும்பப்பூவும் பீச் பருப்பும் சப்பாங்கட்டையும் அதற்காக. பிசின்கள் வலிக்கும் வீக்கத்துக்கும். ரேவல்சின்னி சூட்டைத் தணிக்க. பட்டை போன்றவை குளிர்ந்து இறுகிப்போன பழைய காயத்தைச் சூடேற்ற. இந்தக் கணக்கை நவீன உடலியலோடு ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்க்க முடியாது; ஆனால் ஒரு கலவை ஏன் இப்படிச் சேர்க்கப்பட்டது என்று புரிந்துகொள்ள இந்தத் தர்க்கம் தெரிந்திருப்பது மிகவும் உதவும்.

இது உண்மையிலேயே வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

தனித்தனிப் பொருட்களில் வீக்கத்தைக் குறைக்கும் தன்மை ஆய்வுக்கூடச் சோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. குந்திரிக்கத்தில் உள்ள பாஸ்வெல்லிக் அமிலங்கள் இதற்கு நல்ல உதாரணம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருள் வேலை செய்வதும், இருபது பொருட்களைச் சாராயத்தில் ஊறவைத்து முழங்கையில் தேய்க்கும்போது அது தோலைத் தாண்டிப் போதிய அளவு உள்ளே சென்று வேலை செய்வதும் வெவ்வேறு. பள்ளிகளில் புழங்கும் கலவைகளை முறையாக ஒப்பிட்டு நிறுவிய சான்று மிகக் குறைவு. தேய்ப்பதால் கிடைக்கும் இதம், தோலின் சூடும் குளிர்ச்சியும் வலியை மறக்கடிப்பது, பயிற்சிக்குப் பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து தன் கையைக் கவனித்துப் பார்ப்பது ஆகியவை நிச்சயமான பயன்கள். கடைசியாகச் சொன்னது சிறிய பயனன்று. தினமும் தேய்ப்பவர் வீக்கத்தையும் புதிய வலியையும் முதல் நாளிலேயே கண்டுகொள்கிறார்.

கோடாலித் தைலத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நம் வீடுகளில் பரவலாகப் புழங்கும் கோடாலித் தைலம் சிங்கப்பூரிலிருந்து வருவது. மென்தால், யூகலிப்டஸ் எண்ணெய், மெத்தில் சாலிசிலேட், கற்பூரம் ஆகியவையே அதன் சாரம். தடவியவுடன் குளிர்ச்சியும் எரிச்சலும் தெரியும், அந்த உணர்வே வலியை அமுக்குகிறது. பாரம்பரிய ஜாவில் இந்தக் குளிர்ச்சி இருக்காது. மண்ணும் பிசினும் கலந்த மணம்தான் இருக்கும். ‘குங்ஃபூ தைலம்’ என்று கடைகளில் விற்கப்படும் பல குப்பிகள் நிறமேற்றிய மென்தால் கலவையாக இருப்பதையும் பார்க்கிறோம். மென்தால் கலவை கெட்டது என்று சொல்ல வரவில்லை. கடினப்படுத்தும் பயிற்சிக்கு நடுவே அதைத் தடவினால் வலி மரத்துப்போய், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தோன்றாது. அதுதான் சிக்கல்.

தேய்த்தால் எலும்பு கடினமாகுமா? ‘இரும்புக் கை’ இதனால்தான் வருகிறதா?

இல்லை. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் விளக்கினார். இரும்புக் கைப் பயிற்சியில், கித்தான் பையில் முதலில் பச்சைப்பயறும், பிறகு சரளைக் கல்லும், கடைசியாக இரும்புக் குண்டுகளும் நிரப்பி, ஆண்டுக்கணக்கில் படிப்படியாக அடிப்பதன் தர்க்கம் அதோடு பொருந்துகிறது. மாற்றத்தைக் கொண்டுவருவது அளவான சுமையும் போதிய ஓய்வும்தான். தைலம் தோலைப் பேணவும் கன்றலை ஆற்றவும் துணை செய்யலாம். விரல் மூட்டின் குருத்தெலும்பு தேய்வதையோ நரம்பு நசுங்குவதையோ எந்தத் தைலமும் தடுக்காது. நல்ல ஜாவ் இருக்கிறது என்ற தைரியத்தில் பயறுப் பையிலிருந்து கல் பைக்கு ஒரே மாதத்தில் தாவும் மாணவர்களுக்கு, அந்தக் குப்பி இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பயிற்சியின்போது எப்படித் தேய்க்க வேண்டும்?

கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு, உள்ளங்கையில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு ஊற்றினால் போதும். விரல் நுனியிலிருந்து முழங்கையை நோக்கி, ஈரம் காயும்வரை மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு விரலையும் தனியாகப் பிடித்து, மூட்டுகளைச் சுற்றி வட்டமாகத் தேய்ப்பது நல்லது. பயிற்சிக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. தோல் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக நிறமேறும். சட்டையில் பட்டால் கறை போகாது. தேய்த்த கையால் கண்ணைத் தொடக் கூடாது, சாப்பிடுவதற்கு முன் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். தேய்த்த இடத்தைத் துணியால் இறுகக் கட்டுவதும், அதன்மேல் வெந்நீர்ப் பையோ ஹீட்டிங் பேடோ வைப்பதும் கூடாது. உறிஞ்சப்படும் அளவு கூடும், தோல் வெந்தும் போகலாம். புதிய குப்பி எதுவானாலும் முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் காத்திருந்து, அரிப்போ தடிப்போ இல்லை என்று உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

இப்போதுதான் அடிபட்டது. உடனே அழுத்தித் தேய்க்கலாமா?

கூடாது. பள்ளிகளில் மிகப் பரவலாக நடக்கும் தவறு இதுதான். பழைய முறையை ஒழுங்காகக் கற்றவர்களே காயத்தை முதல் கட்டம், இடைக் கட்டம், பிற்கட்டம் என்று பிரித்து, சூடும் வீக்கமும் உள்ள முதல் ஓரிரு நாட்களுக்குக் குளிர்ச்சியான பொருட்களைப் பற்றாகப் போடுவார்கள்; சூடேற்றும் பட்டையும் வேர்களும் சேர்ந்த கலவையை வாரங்கள் கடந்த பழைய காயத்துக்கே எடுப்பார்கள். ஒரே குப்பி எல்லாக் கட்டத்துக்கும் ஆகும் என்பது பிற்கால எளிமைப்படுத்தல்.

நவீன மருத்துவமும் இதில் வேறுபடவில்லை. தொடையில் பலமான உதை வாங்கி உள்ளே ரத்தம் கட்டியிருக்கும்போது, முதல் நாட்களில் அதை அழுத்திப் பிசைந்தால் ரத்தக்கசிவு கூடும். தசைக்குள் எலும்பு போன்ற கட்டி உருவாகும் வாய்ப்பும் அதிகரிக்கும். அந்தக் கட்டி மாதக்கணக்கில் முழங்காலை மடக்க விடாது. ஆகவே முதல் இரண்டு நாட்கள் ஓய்வு, குளிர் ஒத்தடம், காலை உயர்த்தி வைத்தல். தோல் கிழிந்திருந்தால் தைலத்தைக் கிட்டவே கொண்டு போகக் கூடாது.

எந்த நிலையில் தைலத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

உறுப்பின் வடிவம் மாறியிருந்தால், பாரம் தாங்க முடியாவிட்டால், எலும்பின் மேல் ஒரே புள்ளியில் தொட்டாலே வலித்தால், மரத்துப்போனால், விரல்கள் வெளுத்துக் குளிர்ந்தால், அடிக்குப் பொருந்தாத அளவு வலி நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போனால் அன்றே போக வேண்டும்.

இவற்றில் எளிதாகத் தவறிவிடும் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். கட்டைவிரலை நன்றாக விரித்துத் தூக்கினால், மணிக்கட்டின் பக்கத்தில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சிறு குழி தெரியும். கையை ஊன்றி விழுந்த பிறகு அந்தக் குழிக்குள் அழுத்தினால் வலிக்கிறது என்றால், ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பு முறிந்திருக்கக்கூடும். வெளியே வீக்கம் குறைவாகவே இருக்கும். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகலாம். அதனால்தான் சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டுவிட்டு, பத்துப் பதினான்கு நாட்களில் மறுபடியும் படம் எடுக்கிறார்கள். இந்த எலும்பின் ஒரு பகுதிக்கு ரத்த ஓட்டம் மிகக் குறைவு. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தபடியே பயிற்சியைத் தொடர்ந்தால் எலும்பு கூடாமல் போய், மணிக்கட்டு நிரந்தரமாகப் பழுதாகலாம். குத்துப் பயிற்சி செய்யும் ஒவ்வொருவரும் இந்தக் குழி எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மூலிகைதானே, என்ன நச்சு இருக்கப்போகிறது?

பழைய சூத்திரங்கள் பலவற்றில் சுவான் வூ, சாவ் வூ என்ற இரண்டு கிழங்குகள் வரும். நாம் நாவி என்றும் வசநாவி என்றும் அழைக்கும் செடியின் இனத்தைச் சேர்ந்தவை இவை. இவற்றில் உள்ள அகோனிட்டின், வாயும் உதடும் மரத்துப்போவதில் தொடங்கி, வாந்தி, கடைசியில் இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சிதைத்து உயிரைப் பறிப்பதுவரை போகக்கூடியது. உள்மருந்தாகக் கொடுக்கும்போது நெடுநேரம் கொதிக்க வைத்து அந்த நச்சைச் சிதைக்கிறார்கள். சாராயத்தில் வெறுமனே ஊறவைக்கும்போது அந்தச் சிதைவு நடப்பதில்லை. நச்சு அப்படியே சாராயத்தில் இறங்கிவிடுகிறது. வெளிப்பூச்சுக்கென்று வைத்திருந்த இத்தகைய சாராயத்தைக் குடித்து இறந்தவர்கள் சீனாவில் உண்டு. புண்ணான தோலில் தேய்த்தாலும் உள்ளே போகும்.

எட்டிக்கொட்டை சேர்க்கும் சூத்திரங்களும் உள்ளன. அதில் இருப்பது ஸ்டிரிக்னின். ஹாங்காங் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடும் வீரியமுள்ள 31 மருந்துப் பொருட்கள் தனியே பட்டியலிடப்பட்டுள்ளன; பதப்படுத்தாத சுவான் வூ, சாவ் வூ, எட்டிக்கொட்டை ஆகியவை அதில் அடங்கும். இந்தியாவிலும் மருந்து விதிகளின் நச்சுப் பொருள் அட்டவணையில் நாவியும் எட்டியும் உள்ளன. இவை இல்லாமலே நல்ல பயிற்சித் தைலம் தயாரிக்க முடியும் என்பதால், இவை சேர்ந்த குப்பியைப் பொதுப் பயிற்சிக் கூடத்தில் வைக்க எந்தக் காரணமும் இல்லை.

பெயர்க் குழப்பமும் ஒரு நச்சுதான். பழைய சூத்திரங்களில் வரும் ‘மு டோங்’ என்ற பெயரில், ஆடுதின்னாப்பாளை இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியும் விற்கப்பட்டு வந்தது. அதில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும். சீனா 2003இல் அந்த வகையைத் தடை செய்தது. கையெழுத்துப் பிரதியில் ஒரு பெயர் இருக்கிறது என்பதற்காகக் கடையில் அந்தப் பெயரில் கிடைப்பதை வாங்கிப் போடக் கூடாது. எந்தச் செடி, எந்தப் பகுதி, பதப்படுத்தியதா இல்லையா என்று தெரிய வேண்டும்.

வேறு மருந்துகள் சாப்பிடுபவர்கள் பயன்படுத்தலாமா?

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. மெத்தில் சாலிசிலேட் கலந்த தைலத்தைத் தேய்த்தவர்களுக்கு வார்ஃபரினின் வேகம் கூடியதை ஹாங்காங் மருத்துவர்கள் 1990களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். டாங் குவெய் போன்ற வேர்களும் இந்த மருந்தோடு ஒத்துப்போகாதவை. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்; ரத்த ஓட்டத்தைக் கிளறும் பொருட்களைச் சீன மருத்துவமே அவர்களுக்கு விலக்கியிருக்கிறது. ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் சாலிசிலேட் உள்ள எதையும் தவிர்க்க வேண்டும். சிறு குழந்தைகளுக்குக் கற்பூரம் ஆபத்தானது. சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரலாம்.

வீட்டில் நாமே தயாரிக்கலாமா?

தெரிந்த பொருட்களை வைத்து, தன் சொந்தப் பயன்பாட்டுக்கு, நச்சுப் பொருள் எதுவும் இல்லாத எளிய கலவையாகத் தயாரிக்கலாம். குசும்பப்பூ, குந்திரிக்கம், வெள்ளைப்போளம், சப்பாங்கட்டை, ரேவல்சின்னி, பட்டை ஆகிய ஆறே பொருட்களில் ஒரு தொடக்கக் கலவை அமைந்துவிடும். வேரையும் கட்டையையும் கரடுமுரடாக இடித்தால் போதும். மாவாக அரைத்தால் வடிக்க முடியாது. கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடி வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. 40 முதல் 60 சதவீதம் வீரியமுள்ள, குடிப்பதற்கென்றே தயாரான மதுவை ஊற்றி, வெயில் படாத இடத்தில் வைத்து, முதல் வாரங்களில் தினமும் ஒரு தடவை ஆட்டிவிட வேண்டும். சப்பாங்கட்டையின் சிவப்பு முதல் நாளே இறங்கிவிடும். பிசின்கள் மெதுவாகக் கரைந்து, அடியில் பழுப்பு நிறச் சேறு போலப் படியும். ஆறு வாரத்துக்குக் குறையாமல் ஊற வேண்டும் என்பது பொது வழக்கம்.

வார்னிஷுக்குப் பயன்படும் ஸ்பிரிட்டை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அதில் மெத்தனால் இருக்கலாம். மெத்தனால் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், பார்வையைப் பறிக்கும். ஜாடியை அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் தூரத்தில் வையுங்கள். இது எளிதில் தீப்பற்றும். விற்பதற்காகத் தயாரிப்பது உரிமம் வேண்டிய தொழில், அதைப் பயிற்சிக் கூடத்தின் பக்கத்து வரும்படியாக நடத்த முடியாது.

எங்கள் ஆசான் சூத்திரம் ரகசியம் என்கிறார். கேட்பது மரியாதைக் குறைவாகுமா?

ஆகாது. எந்தப் பொருள் எத்தனை கிராம், எந்த வரிசையில் சேர்ப்பது, எப்படி வறுப்பது என்பதையெல்லாம் அவர் ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும். தலைமுறைகளாகக் காத்து வந்த உரிமை அது. ஆனால் என் உடம்பில் படும் பொருட்களின் பெயர்ப் பட்டியல் ரகசியமாக இருக்க முடியாது. நாளை எனக்கு ஒவ்வாமை வந்து மூச்சு முட்டினால், அவசரப் பிரிவில் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். “சிஃபூ, எனக்குத் தோல் ஒவ்வாமை உண்டு, இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாமா?” என்று பணிவாகக் கேளுங்கள். அறிந்து தயாரிப்பவர் சொல்லிவிடுவார். சொல்லத் தயங்குபவர்களில் பலர் குப்பியை எங்கிருந்தோ வாங்கி வந்தவர்கள், அவர்களுக்கே தெரியாது என்பதுதான் நான் கண்டது.

நம் அடிமுறை, களரி ஆசான்கள் பயன்படுத்தும் எண்ணெயும் இதுவும் ஒன்றா?

நோக்கம் ஒன்று, செய்முறை வேறு. கன்னியாகுமரி வட்டாரத்து வர்ம ஆசான்களும் கேரளக் களரி குருக்களும், குவாங்டாங் ஆசான்களைப் போலவே சண்டையும் வைத்தியமும் சேர்த்துக் கற்றவர்கள். ஆனால் அவர்களுடைய மருந்து எண்ணெயில் காய்ச்சப்படுவது. முறிவெண்ணெயை எடுத்துக்கொண்டால், புங்கு, வெற்றிலை, முருங்கை, சோற்றுக்கற்றாழை, சின்ன வெங்காயம் முதலியவற்றைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சுகிறார்கள். எண்ணெய் நெடுநேரம் தடவிப் பிடித்துவிடவும், பஞ்சில் நனைத்துக் கட்டவும் ஏற்றது. சாராயம் விரைவாகக் காய்ந்து, அடுத்த சுற்று அடிப்பதற்குக் கையை வழுக்காமல் வைத்திருக்கும். மதுவைத் தோலில் படவிட விரும்பாதவர்களுக்கு எண்ணெய் நல்ல மாற்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்ப்பதில் பயனில்லை.

போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

உண்டு. 2011 மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தில் வடகொரிய வீராங்கனைகள் ஐவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியபோது, கஸ்தூரி மான் சுரப்பி சேர்ந்த பாரம்பரிய மருந்தே காரணம் என்று அந்த அணி சொன்னது, தடை நீங்கவில்லை. அது உள்ளே சாப்பிட்ட மருந்து, நாம் பேசுவது வெளிப்பூச்சு. ஆனாலும் நாவி இனக் கிழங்குகளில் காணப்படும் ஹைஜெனமின் என்ற பொருள் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இருப்பதால், பொருட்பட்டியல் இல்லாத குப்பியைப் போட்டிக் காலத்தில் தொடாமலிருப்பதே நல்லது.

புலி எலும்பு, கஸ்தூரி சேர்ந்தது என்று விற்கிறார்களே?

வாங்காதீர்கள். புலி எலும்பு வணிகத்தை 1993இல் சீனாவே தடை செய்துவிட்டது. இந்தியாவில் இரண்டுமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அப்படிச் சொல்லி விற்பது பெரும்பாலும் போலியாகவே இருக்கும், போலி இல்லையென்றால் ஓர் உயிரைக் கொன்று எடுத்தது. தாவரப் பொருட்களிலும் கோஷ்டம் என்ற வேர், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் முதல் இணைப்புப் பட்டியலில் உள்ளது. இமயமலைக் காடுகளில் அது அருகிவிட்டது.

ஆசான் ஒருவர் பயிற்சிக் கூடத்தில் குப்பி வைக்க விரும்பினால் என்ன செய்ய வேண்டும்?

குப்பியின் மேல் பொருட்பட்டியல், தயாரித்த நாள், ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்ற எச்சரிக்கை ஆகிய மூன்றையும் தெளிவான எழுத்தில் ஒட்டுங்கள். பழைய குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்; தாகத்தோடு வரும் சிறுவன் அதைத்தான் முதலில் எடுப்பான். 18 வயது நிறையாத மாணவர்களுக்குப் பெற்றோரிடம் பட்டியலைக் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே கொடுங்கள். யாரேனும் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே கொண்டு செல்லுங்கள். தமிழ்நாட்டில் 108 எண்ணை அழைக்கலாம்.